பித்தளையில் பொறித்த பெயர்: பழைய நுண்ணோக்கிகளைச் செய்தவர் யார்?

1. கேள்வி

பழைய நுண்ணோக்கி ஒன்று ஏலத்துக்கு வந்தால், விற்பவரும் வாங்குபவரும் முதலில் பார்ப்பது பித்தளையில் பொறித்த பெயரைத்தான். வில்லை கீறல் இல்லாமல் இருக்கிறதா என்ற கேள்வி அதற்குப் பிறகே வரும். 'டாலண்ட், லண்டன்' என்றிருந்தால் ஒரு விலை. பெயரே இல்லாவிட்டால் வேறொரு விலை. அருங்காட்சியகப் பட்டியல்களும் இந்த வழக்கத்தைத்தான் பின்பற்றுகின்றன. செய்தவர், ஊர், காலம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். கருவியின் மேலுள்ள பெயர் முதல் கட்டத்தில் அப்படியே ஏறிவிடும். அறிவியல் கருவிகளின் வரலாறு என்ற துறையை வளர்த்ததில் சேகரிப்பாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் அவர்கள் பொருளைப் பார்த்த விதமே துறையின் பார்வையாகவும் நிலைத்துவிட்டது.

இந்தக் கட்டுரை அந்த முதல் கட்டத்தைப் பற்றியது. 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நெதர்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில் உருவான நுண்ணோக்கிகளில் பொறித்திருக்கும் பெயரைச் செய்தவரின் கையொப்பமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது இதன் வாதம். அந்தப் பெயர் கருவிக்குப் பொறுப்பேற்றவரைச் சொல்கிறது. பொறுப்பேற்றவரும் செய்தவரும் ஒருவராகவே இருந்த சந்தர்ப்பங்கள் உண்டு. அவை நாம் நினைப்பதைவிடக் குறைவு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதிய வரலாறு வில்லை தேய்த்தவர்களையும் பித்தளை கடைந்தவர்களையும் மறந்தது பாதிக் குறைதான். நுண்ணோக்கி எப்படி மேம்பட்டது என்பதையே அது தவறாக விளக்கிவிட்டது என்பது மீதிக் குறை.

2. இதுவரை சொல்லப்பட்ட வரலாறு

பள்ளிப் பாடநூல்களில் நுண்ணோக்கியின் கதை பெரும்பாலும் 1590, மிடல்பர்க் நகரம், சகரியாஸ் யான்சன் என்று தொடங்குகிறது. இந்த வரிக்கான ஆதாரம் 1655இல் பியேர் போரெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்ட நூலில் திரட்டப்பட்ட சாட்சியங்கள். அவற்றில் முக்கியமான ஒன்று யான்சனின் சொந்த மகன் சொன்னது, அதுவும் அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பிறகு. மகன் குறிப்பிடும் ஆண்டில் யான்சன் சிறுவன். தந்தையின் பெருமையை நிலைநாட்ட மகன் காலத்தைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. மிடல்பர்க் ஆவணங்களை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொர்னேலிஸ் டி வார்ட் துருவி ஆராய்ந்தார். அதே யான்சன் கள்ள நாணயம் அடித்த வழக்கில் சிக்கியவர் என்பதும் அந்த ஆவணங்களில் இருந்தது. 1940 மே மாதம் நகரம் தீக்கிரையானபோது ஆவணங்களும் எரிந்தன. இன்று எஞ்சியிருப்பவை டி வார்ட் எடுத்த குறிப்புகள் மட்டுமே. இத்தனை பலவீனமான சாட்சியத்தின் மேல் ஒரு 'கண்டுபிடித்தவர்' மூன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கிறார்.

கலிலியோவின் பெயரிலும் இதே போக்கு நடந்தது. பிளாரன்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அழகிய கூட்டு நுண்ணோக்கி ஒன்று நெடுங்காலம் கலிலியோ செய்ததாகக் கருதப்பட்டது. பிற்கால ஆய்வு அதை 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரோமில் வேலை செய்த ஜியுசெப்பே கம்பானியின் பட்டறைக்கு உரியதாக்கியது. கலிலியோ நுண்ணோக்கி செய்ததில் ஐயமில்லை. 1624இல் ஒன்றை ஃபெடரிகோ செசி என்பவருக்கு அனுப்பியிருக்கிறார். ஆனால் பெயரில்லாத நல்ல கருவி கிடைத்தால் அருகிலிருக்கும் பெரிய பெயரை அதன்மேல் ஏற்றுவது சேகரிப்புலகின் பழைய பழக்கம்.

இத்துறையின் அடித்தள நூலாக ரெஜினால்ட் கிளே, தாமஸ் கோர்ட் இருவரும் 1932இல் எழுதிய நுண்ணோக்கி வரலாற்றைச் சொல்ல வேண்டும். கோர்ட் பெரும் சேகரிப்பாளர். கருவிகளை நேரில் பார்த்து, விளம்பரத் தாள்களையும் நூல்களையும் ஒப்பிட்டு எழுதப்பட்ட அந்நூல் இன்றும் பயன்படுகிறது. அதன் அமைப்பு ஆட்கள் வரிசையானது: மார்ஷல், கல்பெப்பர், கஃப், ஆடம்ஸ், மார்ட்டின் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வடிவம் உரியதாகும். 'கல்பெப்பர் வகை', 'கஃப் வகை' என்ற பெயர்கள் இந்த வரிசையில்தான் உறுதிப்பட்டன. ஜெரார்ட் டர்னர் பழைய வில்லைகளின் பிரிதிறனை அளந்து காட்டியதும், குளோரியா கிளிஃப்டன் 1995இல் வெளியிட்ட பிரித்தானியக் கருவி செய்வோர் அகராதியும் நிலைமையைக் கொஞ்சம் மாற்றின. யார் யாரிடம் தொழில் பழகினார், எந்தக் கடையை யார் வாங்கினார் என்ற விவரங்கள் அந்த அகராதியில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் எவருக்கும் 'ஒரு பெயர், ஒரு கை' என்ற எண்ணம் தளர்ந்துபோகும். ஆனாலும் பட்டியல் அட்டைகள் மாறவில்லை.

3. பெயர் பொறிக்காதவரும் பெயர் ஏற்றப்பட்டவரும்

பெயருக்கும் கைக்கும் இடையில் இடைவெளியே இல்லாத ஒருவரைத் தேடினால் டெல்ஃப்ட் நகரத்து அந்தோனி வான் லீவன்ஹூக் கிடைப்பார். துணி வணிகராக வாழ்க்கையைத் தொடங்கி நகராட்சி அலுவல் பார்த்த அவர், தம் கருவிகளை விற்கவில்லை. தமக்காகவே நூற்றுக்கணக்கில் செய்தார். இரண்டு சிறிய உலோகத் தகடுகள், நடுவில் கடுகளவு வில்லை, பொருளைக் குத்தி நிறுத்த ஓர் ஊசி, அதை நகர்த்தத் திருகுகள். கருவி மொத்தமும் இவ்வளவுதான். 1723இல் அவர் இறந்ததும் 26 வெள்ளி நுண்ணோக்கிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. 1740இல் நுண்ணோக்கி எழுத்தாளர் ஹென்றி பேக்கர் அவற்றை அளந்து, மிக வலுவானது 160 மடங்கு பெருக்கிக் காட்டுவதாக எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் அந்த 26உம் காணாமல் போயின. மீதியிருந்தவை 1747இல் டெல்ஃப்ட்டில் ஏலம் போயின. இன்று அவருடையவை என்று ஏற்றுக்கொள்ளப்படுபவை மிகச் சில. 2009இல் லண்டன் ஏலமொன்றில் ஒரு வெள்ளிக் கருவி மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. பெயர் பொறிக்காதவரின் கருவிக்குத்தான் இந்த விலை என்பது சந்தையின் சிறிய நகைச்சுவை.

தனி மனிதரின் மேதைமைக்கு இதைவிட நல்ல சான்று இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் இங்கும் ஒரு திருப்பம் உண்டு. தம்முடைய சிறந்த வில்லைகளை எப்படிச் செய்தார் என்பதை லீவன்ஹூக் வெளியே சொல்லவில்லை. உட்ரெக்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கும் கருவி சுமார் 270 மடங்கு பெருக்கக்கூடியது. எஞ்சியவற்றில் அதுவே வலுவானது. தகடுகளைப் பிரித்தால் கருவி கெட்டுவிடும் என்பதால் வில்லையின் வடிவம் மூன்று நூற்றாண்டுகளாக மூடியே கிடந்தது. 2021இல் வெளியான டெல்ஃப்ட் ஆய்வு, உலோகத்தை ஊடுருவும் நியூட்ரான் கற்றைகளைக் கொண்டு அதைப் படம்பிடித்தது. உள்ளே இருந்தது தேய்த்துச் செய்த வில்லை அல்ல. ஏறக்குறைய உருண்டையான ஒரு கண்ணாடி மணி, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் காம்பின் மிச்சம். மெல்லிய கண்ணாடி இழையின் நுனியைச் சுடரில் காட்டினால் அது உருகி, தன் பரப்பு இழுவிசையாலேயே உருண்டு திரளும். அந்த மணியைப் பிடித்திருந்த இழைதான் இந்தக் காம்பு. இந்தச் செய்முறையை ராபர்ட் ஹூக் 1665இல் மைக்ரோகிராஃபியாவின் முன்னுரையிலேயே விளக்கிவிட்டார். ஆக, யாருடைய உதவியும் இல்லாமல் ரகசியமாக வேலை செய்தவர் என்று நாம் கொண்டாடும் மனிதரின் மிக வலுவான கருவியில், அச்சில் வெளிவந்த இன்னொருவரின் உத்தி இருக்கிறது. அவருடைய கைத்திறனை இது குறைத்துவிடாது. அந்த மணியை அவ்வளவு தூய்மையாக எடுக்கவும், பார்த்ததை அவ்வளவு பொறுமையாக எழுதவும் வேறு யாராலும் முடியவில்லை. ஆனால் கையும் அறிவும் ஒரே இடத்திலிருந்து வந்தன என்ற நம்பிக்கை இவரிடத்தில்கூட முழுதாகப் பொருந்தவில்லை.

எட்மண்ட் கல்பெப்பரின் நிலை இதற்கு நேர்மாறானது. 1720களில் லண்டனில் புழக்கத்துக்கு வந்த, மூன்று கால்களில் நிற்கும் 'முக்கால்' நுண்ணோக்கி முழுவதும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அவர் வால்டர் ஹேய்ஸிடம் தொழில் பழகிய கணிதக் கருவிக் கைவினைஞர். செதுக்கு வேலையில் வல்லவர். அந்த வகையின் சிறப்பாகச் சொல்லப்படுவது, மேடைக்குக் கீழே ஒரு குழியாடியை வைத்து ஊடுருவும் பொருள்களுக்குக் கீழிருந்து ஒளி கொடுத்தது. ஜெர்மனியில் ஹெர்டெல் 1716இலேயே ஆடியைப் பயன்படுத்திவிட்டார். கல்பெப்பருடையவை என்று சொல்லப்படும் முக்கால் கருவிகளை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் கூம்புப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் அவரது அச்சிட்ட விளம்பர அட்டை. பெட்டி மாறினால் அடையாளமும் மாறிவிடும். அதே காலத்தில் மாத்யூ லாஃப்ட்டும் எட்வர்ட் ஸ்கார்லெட்டும் இதே வடிவத்தில் செய்து விற்றார்கள். கல்பெப்பர் 1738இல் இறந்தார். 'கல்பெப்பர் வகை' அதன் பிறகு பல தலைமுறைகள் முழுப் பித்தளையில் தொடர்ந்து விற்பனையானது.

அந்தக் காலத்து முக்கால் நுண்ணோக்கி ஒன்றைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். வெளிக் குழாய் அட்டையைச் சுருட்டி ஒட்டியது. அதன்மேல் திருக்கை மீனின் சொரசொரப்பான தோலைத் தேய்த்துச் சாயமேற்றிப் போர்த்தியிருக்கிறார்கள். உள்ளே நழுவும் குழாயின் மேல் பச்சை நிறத் தோல்தாள்; அதில் பொன்முத்திரை குத்திய பூவேலை, புத்தகம் கட்டுபவர் அட்டைமேல் செய்யும் அதே வேலை. குழாயின் வாயிலும் அடியிலும் கடைந்த கடின மர வளையங்கள். வளைந்த பித்தளைக் கால்கள் வார்ப்படக்காரரிடமிருந்து வந்தவை. வில்லைகள் தனி. கூம்புப் பெட்டி தச்சருடையது. ஒருவரே இவ்வளவையும் செய்திருக்க முடியுமா என்பதைவிட, ஒருவரே செய்ய வேண்டிய தேவை லண்டனில் யாருக்காவது இருந்ததா என்று கேட்பது பொருத்தம். ஒவ்வொரு வேலைக்கும் நாலு தெரு தள்ளி ஒரு பட்டறை இருந்த நகரம் அது. டர்னர் 1960களில் இந்தத் தோல் முத்திரைகளைத் தனியாக ஆராய்ந்தார். ஒரே முத்திரைக் கருவி பதித்த தடங்களை ஒப்பிட்டால், பெயர் சொல்லாத உறவுகளை அது சொல்லும் என்பது அவருடைய அணுகுமுறை. பெயரைப் படிப்பதிலிருந்து தடத்தைப் படிப்பதற்கு நகர்ந்த இந்த அடி துறையில் போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

4. கடையும் பட்டறையும்

ஃப்ளீட் தெருவில் கடை வைத்திருந்த ஜான் கஃப் நல்ல உதாரணம். முக்கால் நுண்ணோக்கியில் குவியத்தைச் சரிசெய்யக் குழாயைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். கால்கள் மேடையை மறிக்கும். இந்தக் குறைகளைக் கண்டு மாற்றம் கேட்டவர் ஹென்றி பேக்கர், நுண்ணோக்கிப் பயன்பாட்டை நூல் எழுதிப் பரப்பியவர். 1744 வாக்கில் கஃப் வெளியிட்ட கருவியில் ஒரு பக்கத் தூண், மேலே நுண்ணிய திருகு, கை நுழையும் அளவுக்குத் திறந்த மேடை. இன்றும் அடிப்படை அமைப்பு அதிலிருந்து வெகுதூரம் போகவில்லை. 1750இல் கஃப் திவாலானார். அவருடைய வடிவம் திவாலாகவில்லை. டாலண்ட், ஆடம்ஸ், நேர்ன் என்று பல கடைகளின் பெயரில் 'கஃப் வகை' நுண்ணோக்கிகள் கிடைக்கின்றன. வடிவத்தைக் கேட்டவர் பேக்கர், முதலில் செய்து விற்றவர் கஃப், தொடர்ந்து விற்று லாபம் பார்த்தவர்கள் வேறு பலர். இவர்களில் யாரைச் 'செய்தவர்' கட்டத்தில் எழுதுவது?

அந்தத் தெருவின் தொழில்முறையை மற்றெல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் தொலைநோக்கியிலிருந்து வருகிறது. நிறப்பிறழ்ச்சி நீக்கிய வில்லையை 1733 வாக்கில் சிந்தித்தவர் செஸ்டர் மூர் ஹால் என்ற வழக்கறிஞர். இரு வகைக் கண்ணாடிகளில் ஒரு குவிவில்லையும் ஒரு குழிவில்லையும் தேவை. யோசனை வெளியே போகாதிருக்க ஒன்றை ஸ்கார்லெட்டிடமும் மற்றதை ஜேம்ஸ் மான் என்பவரிடமும் செய்யக் கொடுத்தார். இருவரும் தங்களுக்கு வந்த வேலையைத் தனித்தனியாக ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே ஆளிடம் தள்ளிவிட்டார்கள். இரண்டு வில்லைகளும் ஒரே வாடிக்கையாளருக்கு என்பதை அறிந்த பாஸ் அவற்றைச் சேர்த்துப் பார்த்தார். நிறக் கறை மறைந்தது. இந்தக் கதை நமக்கு வருவது பிற்காலச் சாட்சியம் வழியாக, குறிப்பாக 1789இல் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியது வழியாக. அவர் டாலண்ட் குடும்பத்தின் மருமகன். அதனால் சாட்சியத்தை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். ஆனால் அதில் யாரும் வியக்காத பகுதி ஒன்று இருக்கிறது. பெயர்பெற்ற இரு கடைக்காரர்கள் தங்களுக்கு வந்த வேலையை வெளியே கொடுத்தார்கள் என்பதைச் சொல்பவர்கள் இயல்பான ஒன்றாகவே சொல்கிறார்கள். 1758இல் காப்புரிமை பெற்றவர் ஜான் டாலண்ட். அவர் மகன் பீட்டர் அதை மற்றக் கடைகள்மேல் பிரயோகித்தபோது 1764இல் லண்டன் கைவினைஞர்கள் மனுக் கொடுத்தார்கள். 1766இல் நீதிமன்றம் காப்புரிமையை உறுதிசெய்தது. சட்டம் கண்டது ஒரே பெயரை. பட்டறையில் அந்த வில்லைக்கு நான்கு பேர் இருந்தார்கள்.

பொறித்த பெயருக்கு அடியிலிருந்த வணிகம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்படையாகவே நடந்தது. இளைய ஜார்ஜ் ஆடம்ஸ் 1787இல் நுண்ணோக்கி பற்றி எழுதிய நூலின் உரிமையை அவர் இறந்தபின் வாங்கியவர்கள் டபிள்யூ. அண்ட் எஸ். ஜோன்ஸ். 1798 பதிப்பில் தங்கள் கருவியைச் சேர்த்து அச்சிட்டார்கள். நூலின் ஆசிரியர் பெயரே கடைக்குக் கடை கைமாறும் சொத்தாகிவிட்ட நிலையில், கருவியின் மேலிருக்கும் பெயரை மட்டும் நாம் கைரேகையாக எடுத்துக்கொள்வது ஏன்?

5. லிஸ்டரும் ஸ்மித்தும்

இந்த வாதத்துக்குக் கடினமான சோதனை 1820கள். நுண்ணோக்கி விளையாட்டுப் பொருளாக இருந்து ஆய்வுக் கருவியாக மாறிய காலம் அது. வில்லை சிறுக்கச் சிறுக்க நிறக் கறையைக் களைவது கடினமாகிறது. தொலைநோக்கிக்கு வெற்றி கிடைத்து அறுபது ஆண்டுகள் ஆகியும் நுண்ணோக்கி காத்திருக்க வேண்டியிருந்தது இதனால்தான். ஆம்ஸ்டர்டாமில் ஹர்மானுஸ் வான் டெய்ல், பாரிஸில் செவாலியே, இத்தாலியில் அமிச்சி எல்லோரும் முயன்றார்கள். லண்டனில் மருத்துவர் கோரிங்கின் தூண்டுதலால் 1824இல் வில்லியம் டல்லி ஒரு வில்லைத் தொகுதியைச் செய்தார். மது வணிகரான ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் அதைப் பார்த்து, தாங்கியை எப்படி உறுதியாக அமைக்கலாம் என்று வரைபடங்கள் போட்டார். 1826இல் அந்தக் கருவியைச் செய்து முடித்தவர் டல்லியிடம் வேலைபார்த்த ஜேம்ஸ் ஸ்மித். கடைவாசலில் இருந்தது டல்லியின் பெயர்.

லிஸ்டர் அங்கே நிற்கவில்லை. நிறக் கறை நீக்கிய வில்லைத் தொகுதியில் குறிப்பிட்ட இரண்டு புள்ளிகளில் கோளப் பிறழ்ச்சி இல்லாமல் போகிறது. அந்த விதியை வைத்து வில்லைகளை இடைவெளிவிட்டு அடுக்கினால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் என்று 1830இல் ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். அதே ஆண்டில் தாமே வில்லை தேய்க்கவும் கற்றுக்கொண்டார். தம் கணக்கை விற்கவில்லை. ஆண்ட்ரூ ராஸுக்கும் ஸ்மித்துக்கும் கொடுத்தார். 1839இல் லண்டன் நுண்ணோக்கிச் சங்கம் அமைந்ததும் ராஸ், ஹியூ பவல், ஸ்மித் மூவரிடமும் ஆளுக்கொரு கருவி செய்யச் சொன்னது. அந்த மூன்று பெயர்களும் பின்னர் விக்டோரியா காலத்து நுண்ணோக்கியின் மூன்று பெருங்கடைகளாயின. 1847இல் ஸ்மித்துடன் கூட்டுச் சேர்ந்த ரிச்சர்ட் பெக், லிஸ்டரின் உறவினர். ராஸின் பெயர் பொறித்த நல்ல வில்லை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதன் அமைப்பு யாருடைய மூளை என்று கேட்டால் விடை ஒரு மது வணிகரின் குறிப்பேட்டுக்குப் போகிறது. அவர் பெயர் எந்தப் பித்தளையிலும் இல்லை. தொழில் மேம்பட்டது தனிப்பட்ட பட்டறைக்குள் அன்று, பட்டறைகளுக்கு நடுவே நடந்த இந்தப் போக்குவரத்தில்தான் என்று நான் சொல்வதற்கு இதுவே முதன்மைச் சான்று.

6. மறுப்புகள்

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு: கருவியின் பெயர் கையைக் குறிக்காவிட்டால் அது வெறும் விளம்பரமாகிவிடாதா? ஆகாது. வாங்கியவர் குறை கண்டால் திரும்பிவந்து நிற்பது அந்தப் பெயருக்கு முன்னால்தான். திவாலாவதும் அந்தப் பெயரே. வெளியிலிருந்து வந்த வில்லையையும் குழாயையும் சேர்த்து, சோதித்து, தகுதியற்றதை ஒதுக்குவதும் ஒரு கைத்திறன்தான். லெய்டன் நகரத்து முசன்புரூக் குடும்பம் தலைமுறைகளாகத் தம் கருவிகளில் பொறித்தது ஆளின் பெயரை அன்று. கடைப்பலகையிலிருந்த கீழைநாட்டு விளக்கின் சின்னத்தை. பொறுப்பு கடைக்கு உரியது என்பதை அவர்கள் மறைக்கவே இல்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது: பவல் அண்ட் லீலண்ட் போன்ற கடைகளை என்ன செய்வது? ஹியூ பவலும் அவருடைய மைத்துனர் லீலண்டும் 1841இல் சேர்ந்தார்கள். சிறிய பட்டறை, குறைந்த எண்ணிக்கை, 1869இல் வந்த 'எண் 1' தாங்கி போன்ற மிக நுட்பமான வேலை. இங்கே பொறித்த பெயரும் செய்த கையும் பெரும்பாலும் பொருந்தியே இருந்தன. இதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் இந்தப் பொருத்தம் எத்தனை தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும். வில்லைக்கான கண்ணாடியை எந்த நுண்ணோக்கிக் கடையும் தானே உருக்கவில்லை. இங்கிலாந்தில் 1845 வரை கண்ணாடிமேல் கலால் வரி இருந்ததால் நல்ல ஒளியியல் கண்ணாடிக்குச் சோதனை செய்வதே கடினமாக இருந்தது. வரி போன பிறகுதான் பர்மிங்காம் அருகே சான்ஸ் சகோதரர்கள் பிரெஞ்சு நிபுணர் போந்தோமை வைத்து அத்தொழிலைத் தொடங்கினார்கள். ஒரு வில்லையின் தரத்தை நிர்ணயித்ததில் தேய்த்த கையோடு வரிச்சட்டத்துக்கும் பங்குண்டு. மேலும் 1858இல் நுண்ணோக்கிச் சங்கம் பொருளருகு வில்லைக்கான திருகுப்புரியைப் பொதுவாக்கியது: ஏறக்குறைய 0.8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 36 புரி. அதற்குப் பிறகு ஒருவர் தாங்கியில் மற்றவர் வில்லை எளிதாகப் பொருந்தும். ராஸ் என்று பொறித்த குழாயில் பெக்கின் வில்லை இருப்பதைச் சேகரிப்பாளர் 'கலப்பு' என்று ஒதுக்குவார். அந்தக் காலத்து ஆய்வாளருக்கு அதுதான் புத்திசாலித்தனமான கொள்முதல்.

மூன்றாவது மறுப்பு, பெயரில்லாதவர்களைப் பற்றிப் பேசச் சான்றே இல்லை, மௌனத்திலிருந்து வரலாறு எழுத முடியாது என்பது. முத்திரைத் தடங்கள், தொழில் பழகுவோர் பதிவேடுகள், திவால் அறிவிப்புகள், நியூட்ரான் படம், டர்னர் செய்தது போன்ற பிரிதிறன் அளவைகள் எல்லாம் இருக்கும்போது மௌனம் என்று சொல்வது சோம்பல். எல்லாப் பெயர்களும் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் பட்டியல் அட்டையில் 'பெயர் பொறித்தவர்', 'செய்தவர்' என்று இரண்டு கட்டங்கள் வைத்து, இரண்டாவதை வெறுமையாக விடுவதற்கு எந்தச் சான்றும் தேவையில்லை.

7. யேனாவில் நடந்தது

கார்ல் ஸைஸ் 1846இல் யேனாவில் பட்டறை திறந்தார். 1866இல் ஆயிரமாவது நுண்ணோக்கி வெளியே போனது. அதே ஆண்டில் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே உள்ளே வந்தார். அதுவரை பெரும்பாலான பட்டறைகளில் வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தே நல்ல தொகுதியைப் பிடித்தார்கள். 1872இல் ஸைஸ் பட்டியல் தன் பொருளருகு வில்லைகள் எல்லாம் அபேயின் கணக்கின்படி செய்தவை என்று அறிவித்தது. கணக்கு இருந்தால் போதாது; கணக்கு சொன்ன வளைவைக் கண்ணாடியில் கொண்டுவர வேண்டும். அதைச் சாத்தியமாக்கியவர் ஸைஸின் முதல் தொழில்பழகுநராக வந்து வில்லைப் பட்டறையின் தலைவரான ஆகஸ்ட் லோபர். சரியான வளைவுள்ள மாதிரிக் கண்ணாடியைப் புதிய வில்லையின்மேல் வைத்தால், இடையிலுள்ள காற்றுப் படலத்தில் வண்ண வளையங்கள் தோன்றும். வளையம் கோணியிருந்தாலோ கூடியிருந்தாலோ பிழை எங்கே என்று தெரிந்துவிடும். ஒளியலையின் பின்ன அளவுக்குப் பிழையைப் பிடிக்கலாம். 1884இல் ஓட்டோ ஷாட்டின் கண்ணாடித் தொழிற்சாலை சேர்ந்தது. 1886இல் புதிய கண்ணாடிகளைக் கொண்டு, நிறக் கறையை இன்னும் முழுதாகக் களையும் அபோகுரோமாட் வில்லைகள் வந்தன. அதே ஆண்டு பத்தாயிரமாவது நுண்ணோக்கியும் போனது. வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு உறுப்பை அளவுப்படி செய்யும் முறை அங்கே நிலைத்தது. கருவியின் மேலிருக்கும் எண்ணைக் கொண்டு அது எப்போது வெளியே போனது என்பதை நிறுவனத்தின் பழைய பதிவேடுகளிலிருந்து அறியலாம். அதில் பளபளப்பாக்கியவர் பெயர் இருக்காது.

இங்கே மற்ற எந்தக் கடையையும்விடப் பெயர் கையிலிருந்து முழுதாகப் பிரிந்துபோனது. ஸைஸ் 1888இல் இறந்தார். அடுத்த ஆண்டு அபே ஓர் அறநிறுவனத்தை ஏற்படுத்தி, தொழிற்சாலையின் உடைமையைப் படிப்படியாக அதற்கு மாற்றினார். பெயரின் உரிமையாளர் அதன் பிறகு ஒரு மனிதர் அல்ல. 1945 ஜூனில் அமெரிக்கப் படை யேனாவை விட்டுப் போகும்போது தொழிற்சாலையின் தலைமை விஞ்ஞானிகளையும் மேலாளர்களையும் மேற்கே கொண்டுபோனது. அவர்களைக் கொண்டு ஓபர்கோகனில் இன்னொரு ஸைஸ் உருவானது. இரண்டும் அந்தப் பெயருக்காகப் பல நாட்டு நீதிமன்றங்களில் மோதி, 1971இல் லண்டனில் உடன்பாட்டுக்கு வந்தன. யேனாவின் அதே தொழிலாளர்கள் அதே மேசைகளில் செய்த கருவி கிழக்கு நாடுகளில் 'கார்ல் ஸைஸ் யேனா' என்ற பெயரோடு விற்றது. மேற்கு நாடுகள் பலவற்றுக்குப் போனபோது குடும்பப் பெயரை நீக்கிவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் பொறித்து அனுப்பினார்கள்.